பனி ஊர்க் கல்லூரிகளும் கைநழுவும் பேஸ்பால் பையன்களும்

1859-ம் வருடம் ஜூலை 1-ம் தேதி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்ட் என்ற ஊர். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிப் பையன்களும் வில்லியம்ஸ் கல்லூரிப் பையன்களும் பேஸ்பால் ஆட இறங்கினார்கள். இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் பேஸ்பால் ஆட்டம் அதுதான். ஆம்ஹெர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. இன்றைய பேஸ்பாலில் ஒரு அணி பத்து ரன் எடுத்தாலே பெரிய விஷயம். அன்றைய விதிகள் வேறு என்பதால் அந்த 73-ஐ அப்படியே விட்டுவிடலாம். (அதே பயணத்தில் செஸ் போட்டியும் நடந்தது. அதிலும் ஆம்ஹெர்ஸ்ட்தான்!) கவனிக்க வேண்டியது இடத்தை. மாசசூசெட்ஸ் என்பது குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும் ஊர். அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பிறந்ததே அந்தக் குளிரில்தான்.

அகில அமெரிக்கக் கல்லூரி சாம்பியன்ஷிப்பான 'காலேஜ் வேர்ல்ட் சீரீஸ்' 1947-ல் தொடங்கியதும் குளிர் ஊரில்தான், மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில். முதல் இறுதிப் போட்டியில் கலிஃபோர்னியாவிடம் தோற்ற யேல் அணியில் முதல் பேஸில் நின்றவர் பெயர் ஜார்ஜ் புஷ். ஆமாம், பின்னாளில் ஜனாதிபதியான அதே சீனியர் புஷ்தான். 1950 முதல் இந்தத் தொடர் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்தில் நடக்கிறது. கல்லூரி பேஸ்பால்காரர்கள் 'ஒமாஹா போவது' என்று சொன்னால் இந்தத் தொடருக்குத் தகுதி பெறுவது என்று அர்த்தம்.

1952-ல் ஹோலி கிராஸ், 1953-ல் மிச்சிகன், 1956-ல் மின்னசோட்டா, 1960-ல் மீண்டும் மின்னசோட்டா, 1962-ல் மிச்சிகன், 1964-ல் மின்னசோட்டா, 1966-ல் ஒஹாயோ ஸ்டேட். பதினைந்து ஆண்டில் ஏழு கோப்பைகள் வடக்கத்திப் பனி ஊர்களுக்குப் போயின. அப்புறம்? நாற்பது வருடம் ஒன்றுகூட இல்லை. (நடு நாட்டுக் கான்சஸிலிருந்து விசிட்டா ஸ்டேட் 1989-ல் ஜெயித்ததைத் தனிக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.) 2006-ல் ஆரெகன் ஸ்டேட் ஜெயிக்கும் வரை வடக்கே கோப்பை எட்டிப் பார்க்கவில்லை. 1966-க்கும் 2006-க்கும் இடையில் குளிர் கூடிவிட்டதா என்ன? இல்லை. மின்னசோட்டாவில் 1956-லும் பிப்ரவரியில் எல்லாம் உறைந்துதான் கிடந்தது. அப்படியானால் மாறியது எது?

முதலில் குளிர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். டிவிஷன் ஒன் எனப்படும் மேல்மட்டக் கல்லூரி பேஸ்பால் சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் அப்போது மைதானம் பச்சைப் பசேல் என்று இருக்கும். மின்னசோட்டாவிலோ மெய்னிலோ மைதானம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, மேலே பனி. அதனால் வடக்கத்தி அணிகள் முதல் மூன்று நான்கு வாரம் விமானத்திலும் பஸ்ஸிலும் தெற்கே போய் அடுத்தவர் மைதானத்தில் ஆடுகின்றன. அதுவரை பயிற்சி எல்லாம் உள்ளரங்கில். வலைக்குள் நின்று மட்டை வீசலாம். ஆனால் கூரைக்குக் கீழே உயரப் பந்தைப் பிடித்துப் பழக முடியாது. வழவழப்பான தரையில் உருளும் பந்து சொன்ன பேச்சு கேட்கும். நிஜ மைதானத்தின் மண்ணும் புல்லும் அப்படி இல்லை. வலைப்பயிற்சி மட்டுமே செய்துவிட்டு நேராக மேட்சில் இறங்கும் கிரிக்கெட் அணியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

இது கல்லூரியின் கஷ்டம். அதற்கு முன்பே பள்ளிப் பையனின் கஷ்டம் இருக்கிறது. டெக்சஸ், கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா பையன்கள் கிட்டத்தட்ட வருடம் முழுக்க வெளியில் ஆடுகிறார்கள். வடக்கத்திப் பையனுக்குப் பள்ளி சீசன் சூடு பிடிக்கவே ஏப்ரல் ஆகிவிடும், ஜூன் ஆரம்பத்தில் முடிந்துவிடும். நடுவில் மழை, ஆலங்கட்டி, ரத்து. அவனைப் பார்க்க வரும் தேர்வாளர் இரண்டு நாள் லாட்ஜில் உட்கார்ந்து மழையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது சகஜம். திறமை இல்லை என்பதல்ல பிரச்னை. திறமையை யாரும் பார்க்கவில்லை என்பதே. அயோவாவில் ஜெர்ரி ஃபோர்ட் என்பவர் 1990-களில் 'பெர்ஃபெக்ட் கேம்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியது தன் பக்கத்துப் பையன்களைத் தேர்வாளர் கண்ணில் காட்டத்தான். பிறகு அது அமெரிக்காவிலேயே மிகப் பெரிய இளைஞர் பேஸ்பால் கண்காட்சி வியாபாரமாக வளர்ந்தது. வளர்ந்ததும் அதன் பெரிய போட்டிகள் எங்கே நடந்தன? ஜார்ஜியாவிலும் ஃப்ளோரிடாவிலும் :-)

இதையெல்லாம் மீறி அந்தக் காலத்தில் வடக்கு எப்படி ஜெயித்தது என்பதற்கு டிக் சீபர்ட் கதையே போதும். ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் அணிக்காக மேஜர் லீகில் ஆடியவர். 1948 முதல் 1978 வரை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். மேலே சொன்ன மூன்று மின்னசோட்டா கோப்பைகளும் அவர் வாங்கியவை. 1960 இறுதிப் போட்டியில் பத்து இன்னிங்ஸ் போராடி தெற்கு கலிஃபோர்னியாவை (யு.எஸ்.சி.) 2-1 என்று வென்றார்கள். சீபர்ட் பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்களைத்தான் எடுத்தார். வெளியூர்ப் பையன் பனிக்குள் வரமாட்டான். உள்ளூர்ப் பையனைத் தேடி வெளியூர்க்காரன் அதிகம் வரமாட்டான். அந்த இரண்டாவது விஷயம்தான் அன்று வடக்கின் மூலதனம்.

செயின்ட் பால் நகரத்துப் பையன் டேவ் வின்ஃபீல்ட் அப்படி வந்தவர். 1969-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அவரை 40-வது சுற்றில் தேர்ந்தெடுத்தது, அதாவது போகிற போக்கில் பெயர் எழுதிக்கொண்ட கதை. அவர் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தார். குளிர்காலத்தில் கூடைப்பந்து, வசந்தத்தில் பேஸ்பால். 1973-ல் அவரை பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து என்று மூன்று விளையாட்டுகளில் நான்கு தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுத்தன. இத்தனைக்கும் கல்லூரியில் அவர் கால்பந்து ஆடியதே இல்லை! அதே செயின்ட் பாலிலிருந்து சில வருடம் கழித்து பால் மோலிட்டர் வந்தார். இருவருமே இன்று பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள்.

1973 ஒமாஹாவில் யு.எஸ்.சி.க்கு எதிராக வின்ஃபீல்ட் பந்து வீசினார். 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது மின்னசோட்டா 7, யு.எஸ்.சி. 0. அந்த ஒரே இன்னிங்ஸில் யு.எஸ்.சி. 8 ரன் எடுத்து 8-7 என்று ஜெயித்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது வின்ஃபீல்டுக்குத்தான் கிடைத்தது. கோப்பை லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. 1970 முதல் 1974 வரை ஐந்து வருடமும் யு.எஸ்.சி.தான் சாம்பியன்.

அந்தக் காலகட்டத்தில்தான் பேஸ்பாலில் முதலீடு செய்வது என்ற பழக்கம் வெயில் ஊர்களில் பரவியது. மயாமியில் ரான் ஃப்ரேசர், பிறகு லூசியானா ஸ்டேட்டில் (எல்.எஸ்.யு.) ஸ்கிப் பெர்ட்மன் போன்றவர்கள் கல்லூரி பேஸ்பாலைக் கூட்டம் வரும் காட்சியாக மாற்றினார்கள். பிப்ரவரியில் மாலை நேரத்தில் கால்சட்டையோடு உட்கார்ந்து மேட்ச் பார்க்க முடிகிற ஊரில் டிக்கெட் விற்கும். டிக்கெட் விற்றால் அரங்கம் பெரிதாகும். அரங்கத்தைப் பார்த்துப் பையன் மயங்குவான். பெர்ட்மன் 1991-க்கும் 2000-க்கும் இடையில் ஐந்து கோப்பை வாங்கினார். வடக்கே மார்ச் மாதத்தில் டிக்கெட் விற்பதற்கு, முதலில் ஒரு உள்ளூர் மேட்ச் நடக்க வேண்டுமே!

இனி காசுக் கணக்கு. இதுதான் வெளியில் அதிகம் பேசப்படாதது, ஆனால் பனியைவிட ஆழமாக வெட்டியது. 1990-களின் தொடக்கத்தில் டிவிஷன் ஒன் பேஸ்பால் அணிக்கான உதவித்தொகை எண்ணிக்கை 13-லிருந்து பத்து சதவீதம் வெட்டப்பட்டு 11.7 ஆனது. அதென்ன புள்ளி ஏழு? முழு உதவித்தொகையைத் துண்டு போட்டுப் பலருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் கணக்கு. 2008-09-லிருந்து பல வருடம் நடந்த விதிப்படி, 35 பேர் அணியில் 27 பேர் வரை இதைப் பங்கு போடலாம், ஒருவருக்குக் குறைந்தது 25 சதவீதம். 11.7-ஐ 27-ஆல் வகுத்தால் சராசரி 43 சதவீதம். மீதியை வீட்டில்தான் கட்ட வேண்டும்.

இப்போது ஒரு உதாரணம், தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஜார்ஜியா பையன் தன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறான். வருடச் செலவு 25,000 டாலர். ஜார்ஜியாவில் 1993 முதல் லாட்டரிப் பணத்தில் நடக்கும் 'ஹோப்' உதவித்தொகை நல்ல மதிப்பெண் வாங்கியவனுக்கு 10,000 கொடுக்கிறது என்று வையுங்கள். பேஸ்பால் உதவித்தொகை 40 சதவீதம், அதாவது இன்னொரு 10,000. அப்பா கையிலிருந்து 5,000 போனால் போதும். அதே பையனை ஒரு வடக்கத்தி மாநிலப் பல்கலைக்கழகம் கூப்பிடுகிறது. வெளிமாநில மாணவன் என்பதால் செலவு 45,000. அதே 40 சதவீதம் என்றால் 18,000. மீதி 27,000 சொந்தக் காசு. அதோடு பனி இலவசம். எந்த அப்பா சம்மதிப்பார்? ஃப்ளோரிடாவிலும் 1997-ல் 'பிரைட் ஃபியூச்சர்ஸ்' என்று இதே மாதிரி லாட்டரித் திட்டம் வந்துவிட்டது. லாட்டரிச் சீட்டு வாங்கிய யாரோ ஒருவர் தனக்கே தெரியாமல் பேஸ்பால் அணி கட்டிக்கொண்டிருந்தார்!

இத்தனைக்கும் நடுவில் மெய்ன் பல்கலைக்கழகத்தின் ஜான் விங்கின் செய்தது ஆச்சரியம். மெய்ன், கனடா எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாநிலம். விங்கின் அங்கே 1975-ல் பொறுப்பேற்றார். 1976, 1981, 1982, 1983, 1984, 1986 என்று பதினோரு வருடத்தில் ஆறு முறை ஒமாஹா போனார்! உள்ளரங்கப் பயிற்சியை ஒரு கலையாகவே வளர்த்தவர் அவர். ஆட்கள் எங்கிருந்து? அவருடைய பெரிய பந்துவீச்சாளர் பில் ஸ்விஃப்ட், அதே மாநிலத்தின் சவுத் போர்ட்லேண்ட் பையன். 1984-ல் நாட்டிலேயே இரண்டாவது ஆளாகத் தேர்வானார். மைக் போர்டிக் மெய்னில் ஹாம்ப்டன் அகாடமியில் படித்த பையன். எந்த மேஜர் லீக் அணியும் அவரைத் தேர்வுப் பட்டியலில் எடுக்கவில்லை. தனியாக ஒப்பந்தம் போட்டு உள்ளே நுழைந்து, 1990 முதல் 2003 வரை மேஜர் லீகில் ஆடினார்.

1986-க்குப் பிறகு மெய்ன் ஒமாஹா போகவில்லை. அதற்குப் பிறகு வடகிழக்கிலிருந்து ஒரு அணி அங்கே போக 26 வருடம் ஆனது.

அந்த 26 வருடத்தில் சில அணிகள் இல்லாமலே போயின. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1991 சீசனோடு பேஸ்பாலை மூடியது. பட்ஜெட்டில் பள்ளம். கூடவே ஆண் பெண் விளையாட்டுகளுக்குச் சம வாய்ப்பு கேட்கும் டைட்டில் நைன் சட்டக் கணக்கு. ப்ராவிடன்ஸ் கல்லூரியின் கதை இன்னும் சோகம். அணி மூடப்படுகிறது என்று தெரிந்தும் 1999-ல் பிக் ஈஸ்ட் கோப்பையை ஜெயித்துவிட்டு மூடிக்கொண்டது. 2001-ல் அயோவா ஸ்டேட், 2009-ல் வெர்மான்ட். டைட்டில் நைனைக் குற்றம் சொல்வது சுலபம், பலர் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அதே சட்டம்தான் ஜார்ஜியாவிலும் டெக்சஸிலும் இருக்கிறது. ஒரு விளையாட்டை வெட்ட வேண்டும் என்று வந்தால், மார்ச் வரை சொந்த ஊரில் ஒரு மேட்ச் காட்ட முடியாத விளையாட்டு முதலில் கண்ணில் படுகிறது. அணி மூடினால் அந்த ஊர்ப் பள்ளிப் பையனுக்கு வீட்டுக்கு அருகில் ஒரு கதவு குறைகிறது. அவனும் தெற்கே போகிறான், இல்லையென்றால் மட்டையைத் தூக்கிப் பரணில் போடுகிறான்.

காலண்டரை மாற்றுங்கள் என்று வடக்கத்திப் பயிற்சியாளர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். 2008-ல் ஒரு சின்ன வெற்றி: எல்லா அணிகளுக்கும் ஒரே தொடக்கத் தேதி. அதற்கு முன் வெயில் ஊர் அணிகள் சில ஜனவரியிலேயே ஆட ஆரம்பித்துவிடும். 2013-ல் தரவரிசைக் கணக்கில் வெளியூர் வெற்றிக்கு 1.3, உள்ளூர் வெற்றிக்கு 0.7 என்று எடை கொடுத்தார்கள். எப்போதும் வெளியூரிலேயே ஆடும் பனி அணிகளுக்கு இது கொஞ்சம் ஆறுதல். ஆனால் சீசனையே ஒரு மாதம் தள்ளி வைப்பது? 2020-ல் மிச்சிகன் பயிற்சியாளர் எரிக் பாகிச் தலைமையில் ஒரு குழு அதற்கான விரிவான திட்டத்தையே தயாரித்தது. பயணச் செலவு குறையும், குளிரில் வீசி வீணாகும் கைகள் பிழைக்கும், வடக்கிலும் கூட்டம் வரும் என்பது வாதம். நிறைவேறவில்லை. வெயில் ஊர்க்காரர்களுக்கு பிப்ரவரியில் என்ன குறை?

பாகிச் சும்மா பேசிய ஆள் இல்லை. அதற்கு முந்தைய வருடம் அவருடைய மிச்சிகன் அணி, 64 அணிப் போட்டிக்குள் கடைசியாக நுழைந்த நான்கில் ஒன்றாக உள்ளே வந்து, நாட்டின் முதலிட அணியான யு.சி.எல்.ஏ.-வை லாஸ் ஏஞ்சலஸிலேயே வீழ்த்தி, ஒமாஹாவில் இறுதிச் சுற்று வரை போனது. அங்கே முதல் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த பந்துவீச்சாளர் டாமி ஹென்றி, கலமசூவை ஒட்டியிருக்கும் போர்டேஜ் என்ற ஊர்க்காரர். 1947-ல் தொடர் பிறந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வாண்டர்பில்ட் ஜெயித்துவிட்டது. (தொடரின் சிறந்த ஆட்டக்காரர் குமார் ராக்கர். அம்மா வழியில் இந்திய வம்சாவளி!) டென்னசியில் இருக்கும் வாண்டர்பில்ட்டின் பயிற்சியாளர் டிம் கார்பின் பிறந்தது எங்கே தெரியுமா? பனி கொட்டும் நியூ ஹாம்ப்ஷயரில்.

பயிற்சியாளர் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2012-ல் ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட்டை ஒமாஹாவுக்குக் கூட்டிப்போனவர் ஸ்காட் ஸ்ட்ரிக்லின். 2013-ல் அவரை ஜார்ஜியா கொத்திக்கொண்டு போனது. அதே 2013-ல் இண்டியானாவை ஒமாஹாவுக்குக் கூட்டிப்போனவர் ட்ரேசி ஸ்மித். பிக் டென் கூட்டமைப்பிலிருந்து 1984-க்குப் பிறகு போன முதல் அணி அது. அதன் நட்சத்திரம் கைல் ஷ்வார்பர், பள்ளியில் கால்பந்தும் ஆடியவர், பள்ளி முடிக்கும்போது யாரும் தேர்ந்தெடுக்காத ஒஹாயோ பையன். அடுத்த வருடமே ஸ்மித்தை அரிசோனா ஸ்டேட் அழைத்துக்கொண்டது. 2022-ல் பாகிச் தென் கரோலினாவின் கிளெம்சனுக்குப் போனார். காலியான மிச்சிகன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், அரிசோனாவிலிருந்து திரும்பிய அதே ட்ரேசி ஸ்மித்! ஆள் சேர்ப்புச் சிக்கல் என்றால் பையன்களை மட்டும்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பையனைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரையும் அல்லவா கொண்டுபோகிறார்கள்? எப்போதாவது ஒரு பனி அணி ஜெயித்தால், அந்த வெற்றியே அந்த அணிக்கு வினையாகிறது. இவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நல்ல சம்பளம், நல்ல மைதானம், பிப்ரவரியில் வெயில் என்றால் யார்தான் போகமாட்டார்கள்?

போகாதவர்களும் உண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2004 சீசனிலிருந்து பயிற்சியாளராக இருக்கும் ஜிம் பெண்டர்ஸ் அதே பல்கலைக்கழகத்தில் ஆடியவர். அவருடைய ஜார்ஜ் ஸ்ப்ரிங்கர், பக்கத்திலிருந்த நியூ பிரிட்டன் பையன், 2011-ல் பதினோராவது ஆளாகத் தேர்வானார். அந்த அணி ஒமாஹாவுக்கு ஒரு படி கீழே வரை சில முறை வந்து நின்றிருக்கிறது.

2021-க்குப் பிறகு நிலைமை இன்னும் வேகமாக மாறியது. அதுவரை ஒரு டிவிஷன் ஒன் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பேஸ்பால்காரன் ஒரு வருடம் உட்கார வேண்டும். 2021-ல் அந்தத் தடை போனது. அதே வருடம் ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரக் காசு சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. யாரும் கவனிக்காத பையனைக் கண்டுபிடித்து, இரண்டு வருடம் உள்ளரங்கில் செதுக்கி, மூன்றாம் வருடம் அறுவடை செய்வதுதான் சீபர்ட், விங்கின் காலத்து வழி. இப்போது செதுக்குகிற வேலை வடக்கில், அறுவடை தெற்கில். 2025-26 முதல் 11.7 கணக்கும் காலாவதி. புதிய ஏற்பாட்டில் சேரும் பல்கலைக்கழகங்கள் 34 பேர் அணிக்கும் முழு உதவித்தொகை கொடுக்கலாம், கையில் காசு இருந்தால். 2019 முதல் 2025 வரை நடந்த ஆறு தொடர்களிலும் (2020-ல் கொரோனாவால் இல்லை) கோப்பை எஸ்.இ.சி. என்ற தென்னகக் கூட்டமைப்பின் அணிகளுக்கே போனது. 2024-ல் ஜெயித்த டென்னசியின் நட்சத்திரம் கிறிஸ்டியன் மூர், நியூயார்க்கின் புரூக்ளின் பையன், படித்தது கனெக்டிகட்டில் ஒரு பள்ளியில்.

ஆரெகன் ஸ்டேட் மட்டும் விதிவிலக்காக 2006, 2007, 2018 என்று மூன்று கோப்பை வாங்கியது. ஆனால் ஆரெகனின் மேற்குப் பக்கத்தில் குளிர் என்றால் பெரும்பாலும் மழைதான், மின்னசோட்டா மாதிரி மாதக்கணக்கில் பனி உறைந்து கிடப்பதில்லை. 2018 நாயகன் ஆட்லி ரட்ச்மன் அந்த மாநிலத்து ஷெர்வுட் ஊர்ப் பையன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சீபர்ட்டின் மாணவர்களில் ஒருவர் ஜான் ஆண்டர்சன். மின்னசோட்டாவின் இரும்புச் சுரங்கப் பகுதியில் நாஷ்வாக் என்ற சிற்றூர்க்காரர். 1982 சீசனில், 26 வயதில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். மினியாபொலிஸில் மெட்ரோடோம் என்ற கூரை போட்ட அரங்கம் திறந்தது அதே வருடம்தான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் எல்லாம் அதற்குள் வரிசையில் நின்று, நள்ளிரவு தாண்டியும் மேட்ச் ஆடின. 2010 டிசம்பரில் பனியின் பாரம் தாங்காமல் அந்தக் கூரையே கிழிந்து விழுந்தது. ஆண்டர்சன் எங்கும் போகவில்லை. பிக் டென் வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற பேஸ்பால் பயிற்சியாளர் என்ற பெயரோடு 2024-ல் ஓய்வு பெற்றார். 43 சீசனில் ஒரு முறைகூட அவர் அணி ஒமாஹா போகவில்லை. 2018-ல் ஒரு படி கீழே வரை வந்து ஆரெகன் ஸ்டேட்டிடம் தோற்றது.

அவர் ஓய்வு பெற்ற அதே 2024 ஆகஸ்டில் யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி. உட்பட நான்கு மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்கள் பிக் டென்னில் சேர்ந்தன. அடுத்த வருடமே, 2025-ல், பிக் டென் கூட்டமைப்பிலிருந்து ஒரு அணி ஒமாஹா போனது. அந்த அணியின் ஊர் லாஸ் ஏஞ்சலஸ்.